அப்பாவின் கறுப்பு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கிய படத்தில் அவர் பாலில் குளித்தவர் மாதிரி இருந்தார். நாற்பது வருஷம் நாற்றங்காலிலும் வரப்பிலும் நின்று கறுத்த மனுஷனை கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மா ஒரு தடவைதான் பார்த்தாள்.

"இது யாருடி? எனக்குத் தெரியாத ஆளு."

அதற்குப் பிறகு படத்துக்கு விளக்கேற்றுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்பாவிடம் சொல்லாமல் ஒரு காரியமும் செய்யாதவள் அந்தப் படத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பல மாதமாகியும் அது மாறாதது எனக்குத் தாங்கவில்லை. கூட்டுறவு சங்க அட்டைக்கு எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பீரோவில் கிடந்தது. தஞ்சாவூரில் என் வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, நானே போடுகிறேன் என்று வீராப்பாக எடுத்து வந்தேன்.

முதல் பிரிண்டில் அப்பா பச்சையாக வந்தார். கலர் பிரிண்டர் சாம்பல் நிறத்தைக்கூட மூன்று நிறங்களைக் கலந்துதான் உண்டாக்குகிறதாம். ஒன்று சற்றுக் கூடினாலும் முகத்தில் பாசி பிடித்துவிடுகிறது. கலர் இங்க்கை எல்லாம் எடுத்துவிட்டு, கறுப்பும் சாம்பலும் மட்டும் ஊற்றினேன். கரியில் செய்த அந்தக் கறுப்பு காகிதத்தில் டீத்தூள் நிறமாக நின்றது. வேறொரு இங்க் வாங்கினால் அதில் நீலம் பாய்ந்தது. கடைசியில் கரிக் கறுப்பில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிரிண்ட் அடித்து, ஜன்னலோரம் காயவைத்து, மறுபடி சேர்த்து, இரண்டு மாதம் போயிற்று. வீட்டில் எனக்குக் கிறுக்கு என்றார்கள். தப்பில்லை. ஒருநாள் காலை, பச்சையும் பழுப்பும் இல்லாமல், வெறும் கறுப்பாக அப்பா வந்தார். அழுதுவிட்டேன்.

ஒரத்தநாடு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஸ்டுடியோ படத்தைக் கழற்றிவிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால், முகமெல்லாம் சிவப்பு. மேலே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, ஒரு வருஷமாக அணையாமல் எரிகிறது. எந்த இங்க் எந்தக் காகிதத்துக்கு ஒத்துவரும் என்று மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு இந்தப் பல்பு ஞாபகமே வரவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது. அணைக்கவும் துணிச்சலில்லை. அம்மா ஏற்றிவைத்தது.

அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்துவிட்டு, வாசல் கதவை விரியத் திறந்தாள். வெயில் உள்ளே வந்தது. நான் பக்கத்தில் நிற்பதையே மறந்தவளாக அவரிடம் சொன்னாள்:

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுங்க. நாத்து விடணும்."