ஜீப்புக்குக் கட்டிய வெட்டிவேர்த் தட்டி

மகன் புதிதாக ஒரு பெரிய வண்டி வாங்கியிருக்கிறான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். இழுத்து என்ன பிரயோஜனம்? எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வாசனையாக இருக்கட்டும் என்று மருமகள் வெட்டிவேரைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி முன்னால் தொங்கவிட்டிருந்தாள். அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா?" என்றான் மகன்.

"ஒரு ஆடு ஞாபகம் வந்துது" என்றேன்.

அவன் மருமகளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். என் வயதுக்கு வந்தால் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர்களை விடுங்கள், உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் ஆட்டுக்கு முன்னால் முதலாளியைச் சொல்லியாக வேண்டும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு உப்புக் கம்பெனியில் எனக்கு எழுத்து வேலை. எல்லோரும் 'ரைட்டரே' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி நல்ல ஆகிருதி. வெயில் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. பங்குனி பிறந்ததும் ஆபீஸ் ஜன்னல்களிலெல்லாம் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். மூங்கில் சட்டத்தில் வேரைப் பின்னிய தட்டி. அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே கருவாடும் உப்புச் சேறும் நாறும். உள்ளே கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணக்கும். சாயந்திரம் வீட்டுக்குப் போனால், "நீ ஆபீசுக்குப் போய் வர்றியா, மாமியார் வீட்டுக்குப் போய் வர்றியா?" என்று அம்மா என் சட்டையை மோந்து பார்ப்பாள்.

அந்த முதலாளிக்கு ஒரு ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப் போனதை ஏலத்தில் எடுத்தார். கூரை என்று சொல்ல மேலே ஒரு கித்தான், பக்கமெல்லாம் திறந்த வெளி. உப்பளத்து மணலில் மற்ற வண்டிகள் புதைந்து அழும்போது இது மட்டும் நான்கு சக்கரத்தாலும் பிராண்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதை ஓட்டியவர் வண்ணாரப்பேட்டை காதர் பாய். யுத்தத்தின்போது அஸ்ஸாம் பக்கம் ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வந்தபோது இங்கே அவருக்கு ஸ்டியரிங் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும்.

"முதுவு கூன் வுழறது கூட பரவால்ல ரைட்டரே. எதுத்தாப்புல லாரி ஓட்டிகினு வரவன் 'ஒத்து, ஒத்து, வழிய வுடு'ன்னு கத்துவான் பாருங்க, அது தாங்காது" என்பார்.

ஒரு சித்திரை மாதம் ஜீப்பில் விசிறி பெல்ட் அறுந்து எஞ்சின் கொதித்துவிட்டது. பெல்ட்டை மாற்றியதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முதலாளி விடவில்லை. ஜீப்பைச் சுற்றி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நமக்கே இப்படிப் புழுங்குது. அது இரும்பு. அதுக்கு எப்படி இருக்கும்? முன்னாடி ஒரு தட்டி கட்டுங்கப்பா" என்றார்.

அளவெடுத்துத் தட்டி வந்தது. முகப்புக் கம்பிகளை முழுக்க மூடி, ரேடியேட்டருக்கு நேராகக் கட்டினோம். காதர் பாய்க்கு அதில் ஏகப் பெருமை. நிற்கிற இடத்திலெல்லாம் தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு, ரோஜாச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றுவார். ஜீப் காலடிப்பேட்டைக்குள் நுழைந்தால் கல்யாண ஊர்வலம் வருகிறதென்று குழந்தைகள் ஓடிவரும்.

அன்றிலிருந்துதான் ஜீப் ஓயாமல் கொதிக்க ஆரம்பித்தது.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. குளிர்ச்சிக்காகக் கட்டியதை யாராவது சந்தேகப்படுவார்களா? உப்புத் தண்ணீர் ஊற்றியதால்தான் என்றார் ஒருவர். நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். உள்ளே காறை பிடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். பித்தளைக் குடம் தேய்ப்பது போலப் புளியைக் கரைத்து ஊற்றி அலசினோம். ரசம் வைத்த வாசனை வந்தது, கொதிப்பு நிற்கவில்லை. திருஷ்டி என்றார் வாட்ச்மேன். அதற்கும் எலுமிச்சம்பழம் கட்டினோம், தட்டியின் மேலேயே.

கடைசியில் கோவிந்தன் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி மரியாதை தெரிந்தவர். முதலாளி வீட்டுப் பொருள் என்று தட்டியைப் பத்திரமாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பார். பிறகு எஞ்சினை ஓடவிடுவார். தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்பார். ஜீப் பச்சைத் தண்ணீராக நிற்கும்.

"பாத்தியா காதரு, நம்ம கை பட்டா அடங்கிப்புடுது" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அப்புறம் தட்டியைத் தானே கட்டி அனுப்புவார். எண்ணூர் போவதற்குள் வண்டி புஸ்ஸென்று ஆவி விடும். ஜீப்புக்கு மேஸ்திரியிடம் பயம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஒரு நாள் அவரையே முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றைக்கும் கொதித்தது. மேஸ்திரி இறங்கி நடந்தே திரும்பிவிட்டார்.

முதலாளியின் பொறுமை தீர்ந்தது.

"நாளைக்கு உப்பு இலாகா அதிகாரிய அளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அவர் முன்னாடி கொதிச்சுதோ, வண்டி பழைய இரும்புக்குப் போயிடும். காதரு, நீயும் வேற எடம் பாத்துக்க."

காதர் பாய் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போனபோது அவர் ஜீப்புக்கு முன்னால் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். தட்டி இருந்த இடத்தில் வெறும் மூங்கில் சட்டம். எலுமிச்சம்பழத்தைக்கூடக் காணவில்லை. பக்கத்தில் எதிர் ஆப்பக்கடை முனியம்மாவின் ஆடு வாயில் கடைசி வேரை அசைபோட்டுக்கொண்டு நின்றது. வெட்டிவேரை ஆடு தின்னுமா என்று கேட்காதீர்கள். சினிமா போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்று வளர்ந்த ஆடு அது.

"இன்னா முனிம்மா, என் பொயப்பையே துன்னுட்டுதே" என்றார் காதர் பாய்.

"ஆடு துன்னாம இன்னா பண்ணும்? மோட்டாருக்கு யாராவது பாவாட கட்டுவாங்களா நைனா?" என்றாள் முனியம்மா.

வேறு தட்டிக்கு நேரமில்லை. முதலாளியும் அதிகாரியும் வந்து ஏறிவிட்டார்கள். சட்டத்தையும் பக்கத்தில் அசைபோடும் ஆட்டையும் பார்த்து முதலாளி முகம் சிவந்தது; விருந்தாளி முன்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. நான் பின்னால் தண்ணீர் டின்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். காதர் பாயின் உதடு துஆ ஓதிக்கொண்டே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எங்கள் கண் சூட்டைக் காட்டும் முள்ளிலேயே இருந்தது. முள் பாதிக்கு ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. மணலில் இறங்கி நான்கு சக்கரமும் முக்கியபோதும் அது அசையவில்லை.

அளத்தில் அவர்கள் இருவரும் உப்புக் குவியலைப் பார்க்கப் போனதும் காதர் பாய் ரேடியேட்டர்மேல் கைவைத்துப் பார்த்தார். வெறும் சட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரைட்டரே, மேஸ்திரி தட்டிய கழட்டி வெச்சிட்டுதானே ஓட்டிப் பாப்பாரு?"

"ஆமா பாய்."

ரேடியேட்டருக்குக் காற்று போகவிடாமல் அடைத்தது தட்டியேதான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல.

ஆனால் கண்டம் தீரவில்லை. அதிகாரியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது முதலாளி உற்சாகமாக, "ஏதோ இன்னைக்குத் தப்பிச்சோம். புதுசா, இன்னும் அடர்த்தியா ஒரு தட்டி கட்டிடுங்க" என்றார். அவரிடம் போய், 'உங்கள் யோசனையால்தான் இத்தனை நாளும் கொதித்தது' என்று யார் சொல்வது? காதர் பாய்தான் வாயைத் திறந்தார்.

"கட்டிடலாம் மொதலாளி. ஆனா முன்னாடி கட்னா குளுமையெல்லாம் எஞ்சினே துன்னுட்து. நீங்க பக்கத்துல வேத்துகினு கீறீங்க. இந்த தபா உங்க சீட்டாண்ட கட்டிடறேன். இரும்பு எப்டியோ போவட்டும்."

முதலாளி அவரைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, கட்டு" என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ கோடை, முதலாளி தட்டியின் ஈரக் காற்றில் ராஜா மாதிரி போனார். ஜீப் கொதிக்கவில்லை, காதர் பாய் ஸ்டியரிங்கை விடவுமில்லை. நானும் அவரும் மூச்சுக் காட்டவில்லை.

கம்பெனியை மூடிய அன்று எங்கள் இருவரையும் முதலாளி கூப்பிட்டார். உடம்பு பாதியாகியிருந்தது. "தட்டியத் தின்னுச்சே, அந்த ஆடு யாருதுப்பா?" என்று கேட்டார்.

"எந்த ஆடு மொதலாளி?" என்றார் காதர் பாய்.

"தட்டி என் பக்கம் வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுது. நீங்க சொல்லல. அதனால நானும் கேக்கல" என்றார். பிறகு ஜன்னல் தட்டியில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். நானும் காதர் பாயும் போட்டி போட்டுக்கொண்டு தெளித்தோம்.

அந்த அளம் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலாளி இல்லை, காதர் பாய் இல்லை, ஆப்பக்கடை இருந்த இடமே தெரியவில்லை. லாரி நகர்கிறதா என்று மகன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவர்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையை நீட்டி, மருமகள் கட்டிய பொட்டலத்தைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.