போன் அடிக்காமல் போன காலை

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவராக இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். போகமாட்டீர்கள், தெரியும். சரி, கேளுங்கள்.

போன சித்திரையில் தாராபுரம் பக்கம் எங்கள் கறிக்கோழிப் பண்ணையில் நடந்தது. என் மருமகளுக்குக் கோயம்புத்தூர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஷெட்டுக்குள் சூடு ஏறினால் பண்ணைக்காரரின் போனில் மணி அடிக்க வைப்பது அந்தக் கம்பெனிதான். சுற்றுவட்டாரப் பண்ணைகளெல்லாம் அதை நம்பித்தான் மத்தியானம் கண் அசருகின்றன. வெயில் காலத்தில் ஃபேன் நின்றதைக் கவனிக்காமல் விட்டால் ஷெட்டே காலி.

கொஞ்ச நாளாக அவள் முகம் சரியில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. நோண்டிக் கேட்டேன்.

"கம்ப்யூட்டருங்கள வாடகைக்கு எடுத்திருக்கறோமுங்க அத்தை. அதுங்களையெல்லாம் சேர்த்து மேய்க்க ஒரு கிளஸ்டர் இருக்குதுங்க. அதோட வெர்ஷன் பழசாயிருச்சு. வாடகைக்கு உட்டவங்க ஒரு வெர்ஷன ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேலதான் பார்த்துக்குவாங்க. அப்பறம் கூடக் காசு கேப்பாங்க. அதுவும் முடிஞ்சா நம்மளக் கேக்காம அவுங்களே மாத்திப்போடுவாங்க."

"மாத்தட்டுமே. உன்ற வேலை மிச்சம்."

"மாத்தி, மணி அடிக்காமப் போச்சுங்கன்னா?"

ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும் என்று முதலாளி தள்ளிப் போட்டுப் போட்டு, மூன்று வெர்ஷன் பின்தங்கிவிட்டதாம். தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஏறிவிட்டால் இறங்க வழியில்லை. அவர்களே மாற்றிப்போடும் கெடுவோ நெருங்கிவிட்டது. அதனால் புது வெர்ஷனில் தனியாக இன்னொரு கிளஸ்டர் போட்டு, ஒரே ஒரு பண்ணையை மட்டும் அதில் சேர்த்துப் பார்க்கப் போகிறாள்.

"எந்தப் பண்ணை?"

அவள் கண் எங்கள் ஷெட்டுப் பக்கம் போனது.

"அடிப்பாவி, என்ற கோழிதான் கெடச்சுதா?"

"அடுத்தவங்க கோழில பார்க்க மனசு வரலீங்க அத்தை."

"மாமியார் கோழின்னா வருதாக்கும்."

வைதுகொண்டேதான் ஒப்புக்கொண்டேன். மகன் தீவனம் எடுக்கப் போயிருந்த ஒரு காலை, வெயில் ஏறியதும் ஷெட்டுக்குள் போனேன். போன் மடியில், கை ஸ்விட்சில். அவள் வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். ஃபேன்களை நிறுத்தினேன்.

சூடு காட்டும் பெட்டியில் நம்பர் ஏறியது. கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை அகட்டி மூச்சிரைத்தன. மணி அடிக்க வேண்டிய நம்பர் வந்தது, தாண்டியும் போனது. போன் மூச்சுவிடவில்லை.

"இன்னொரு நிமிசமுங்க அத்தை."

"நிமிசம் உனக்கு. மூச்சு அதுங்களுக்கு" என்று ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஒரு கோழியும் சாகவில்லை.

வெளியே வந்தால் அவள் அழுகிறாள்.

"ஏங்கண்ணு, எல்லாம் உசுரோடதான் இருக்குது. வேணும்னா நீயே எண்ணிக்கோ."

"அதுக்கில்லீங்க அத்தை. அவுங்களே மாத்தியிருந்தா எல்லாப் பண்ணையிலும் இதேதான் நடந்திருக்கும். ஸ்விட்சுகிட்ட யாருமே நின்னிருக்க மாட்டாங்க."

அப்போதுதான் சுற்றிலும் இருந்த ஷெட்டுகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மணி அடிக்கச் சொல்லும் புரோகிராம் துண்டைப் பழைய முறையில் எழுதியிருந்தார்களாம். புது வெர்ஷனில் அந்த முறையே இல்லையாம். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து மாற்றி எழுதினாள். நானே தட்டைக் கொண்டுபோய் வைத்தேன், இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். மறுபடி ஃபேனை நிறுத்தினோம். நம்பர் வந்ததுதான் தாமதம், போன் அலறியது.

"எடுங்க அத்தை, காது கிழியுது."

"இரு கண்ணு, கொஞ்சம் கேட்டுக்கறேன்."

கெடுவுக்கு முன்பே பெரிய கிளஸ்டரையும் படிப்படியாக ஏற்றிவிட்டாள். எந்தப் பண்ணையிலும் ஒரு சலசலப்பும் இல்லை. இன்றைக்கும் அந்தப் போன் அலறினால் சனியன் என்று திட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன். திட்டுவதற்காவது அது அடிக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

பக்கத்துப் பண்ணைக்காரிகள் சும்மா இருப்பார்களா? "ஏனுங்கக்கா, கரண்ட்டு மிச்சம் புடிக்கறீங்களா? இந்த வெயில்ல ஃபேனை நிறுத்தி நிறுத்திப் போட்டீங்க?" என்று சிரித்தார்கள்.

"எங்கூட்டு அம்மணி ஒண்ணை மாத்துனா. அதுக்கு எங்க கோழி கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. உங்க கோழிக்கு ஒண்ணுமே தெரியலையல்ல? அப்பன்னா அவ நல்லாத்தான் மாத்தியிருக்கறா" என்றேன்.