தேசம்மா அக்கா மூணாம் தரம் சொல்லாத மதியம்

ஐஸ் வண்டி பாலு விடியற்காலையில் போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் மீன் வரத்து இல்லை என்று அர்த்தம். "என்ன பாலு, இன்னைக்கும் போட் போகலையா?" என்றேன்.

"அது இல்ல நைனா. தேசம்மாக்கா பூட்ச்சி. தூக்கத்துலயே."

மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். பட்டினப்பாக்கத்தில், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய கரையில், அத்தனை வருடம் மீன் ஏலம் விட்டவர் தேசம்மா அக்கா. இதைப் படிக்கிற நீங்களும் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்கவில்லை என்றால் நீங்கள் அந்தக் கரைக்கு மீன் வாங்க வந்தவர் அல்ல, காற்று வாங்க வந்தவர்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். மந்தைவெளியில் மெஸ் போட்ட புதிதில், மீன் எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில் அந்தக் கரைக்குப் போனேன். கூடையிலிருந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. "பொண்ணு பாக்கவா வந்துகீற? வாங்கறதுன்னா கேளு. இல்லாங்காட்டி ஓரமா நில்லு, காத்து வரட்டும்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளும் அங்கேதான் போனேன். வேறெங்கே போக?

செத்தவர்களை எல்லாம் தெய்வமாக்கிவிடுவது நமக்கு வழக்கம். அக்கா தெய்வம் இல்லை. ஒரு தடவை நான் ஏலத்தில் எடுத்த கூடையில் மேலே பளபளவென்று சங்கரா, அடியில் எல்லாம் நசுங்கல். கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கரையில் சண்டை போட்டேன். "உங்கூர்ல அடில இன்னா வெப்பாங்க, தங்கமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடைக்கு விலை கூவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் என் கூடையில் தானாகவே ஒரு வவ்வால் மீன் ஏறியிருந்தது.

அந்த மதியத்தை நான் சொல்லியாக வேண்டும். அன்று பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் கூட்டிச் சொன்னால் திருத்துங்கள்.

திடீரென்று காற்று திரும்பியது. கடலுக்குப் போன போட்டுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைந்து ஆற்றில் ஒதுங்கின. ஒரு போட் மட்டும் வரவில்லை. அதில் மூன்று பேர். ஒருவன் அக்காவின் மருமகன் குமார். தேட இரண்டு போட்டுகள் கிளம்பிப் போயின.

போட் ஒன்று வரவில்லையென்றால் அந்தக் கரையில் ஏலத்தை நிறுத்திவிடுவார்கள். கரை அடங்கிவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். குமாரின் மனைவி, அக்காவின் மகள் செல்வி, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வீடு படகுகளுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில். அக்காவின் ஏலக் குரல் அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போகும்.

"ஏலம் நிக்கக் கூடாது" என்றார் அக்கா. ஒரு பெரியவர் முறை கெட்டுப்போகும் என்று ஏதோ சொன்னார். "உன் முறைய நீ வெச்சிக்க. எம்பொண்ணுக்குக் கேக்கணும்" என்றவர், கூவ ஆரம்பித்தார்.

இருந்த மீனே கொஞ்சம். சீக்கிரமே எல்லாம் விற்றுப்போனது. நான் என் கூடையை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து அதை இறக்கி மணலில் வைத்து, "சங்கரா ஒரு கூட! கேளு, கேளு!" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யக்கா, இது நான் வாங்கின மீனு. காசு குடுத்தாச்சு!"

என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "கேளு நைனா. உன் கால்ல வேணா உழறேன், கேளு."

யார் காலிலும் விழாதவர் அவர். நான் கேட்டேன். என் மீனுக்கு நானே விலை கேட்டேன். மீன் விற்கிற பெண்கள் புரிந்துகொண்டு என்னோடு போட்டிக்கு வந்தார்கள். ஐந்நூறு ஏற்றுவாள் ஒருத்தி, நான் இன்னும் ஐந்நூறு ஏற்றுவேன். அக்கா "ஒரு தரம்" என்பார், "ரெண்டு தரம்" என்பார். மூணாம் தரம் வரவே வராது. மறுபடி முதலிலிருந்து. வெயிலில் மீன் நாற ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. அவர் தொண்டை கட்டி, குரல் கரகரத்து, அப்போதும் நிறுத்தவில்லை.

பொழுது சாயும்போது மூன்று போட்டும் சேர்ந்து வந்தன. இன்ஜின் நின்றுபோன போட்டை மற்ற இரண்டும் கயிறு கட்டி இழுத்துவந்தன. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி என் மெஸ்ஸில் முட்டைக் குழம்புதான். மறுநாள் போய், கெட்டுப்போன மீனுக்குக் காசைத் திருப்பிக் கேட்டேன். "எட்டாயிரம் வரைக்கும் கேட்டது நீதான? மீதியக் குடு" என்றார், வராத குரலில். அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன்.

சாவு வீட்டில் செல்வியிடம் இதைச் சொல்லி அழுதேன். "உனக்குத் தெரியக்கூடாதுன்னு உங்கம்மா அன்னைக்குத் தொண்டையை ரத்தமாக்கிக்கிட்டாங்கம்மா."

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியுண்ணா. போட் வரலன்னு நண்டு விக்கிற அத்த ஓடியாந்து சொல்லிட்ச்சி. நான் அழுது அம்மா காதுல உழுந்தா, அதால கூவ முடியாது. வாய்ல துணிய வெச்சிக்கினு அடுப்பாண்ட உக்காந்துக்கினு இருந்தேன்."

"பின்னாடியாவது சொன்னியா?"

"எதுக்குண்ணா? என்னக் காப்பாத்திட்டேன்னு அம்மாவுக்கு அவ்ளோ பெருமை. நான் போயி கெடுப்பனா?"

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மதியம்தான். கரையில் தாய் கூவிக்கொண்டிருந்தார், அடுப்படியில் மகள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், ஒன்றும் தெரியாமல், நாறுகிற என் மீனுக்கு நானே விலை ஏற்றிக்கொண்டு நின்றேன்.