பதில் வராத பக்கங்கள்

என் மனைவியின் குரலைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையும் போயிற்று. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை வைத்தார்கள். வாய் அசையும், சத்தம் வராது. முப்பது வருடம் என்னை வாயாலேயே விரட்டி வேலை வாங்கியவள் அவள். நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேனா இல்லையா என்பதைச் சித்தூரில் எங்கள் தெருவே அவள் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும்.

வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. மகள் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபின் துணி போர்த்திக் கிடந்தது. மனைவி அதைத் துடைத்து எடுத்தாள். பத்து வருடம் ஒரு சேவை மையத்தில் சர்டிபிகேட் டைப் செய்தவள், கைபேசியில் ஒற்றை விரலால் தடவுவது அவளுக்கு ஆகாது. இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தெலுங்கு எழுத்தாக மாறும். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. ஆகவே தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் அடிப்பாள், நான் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வேன். அந்தப் பக்கத்துக்குத் தமிழ் தெரியாதல்லவா, 'சோறு துன்னியா' என்று அடித்தால் அதுவாகத் திருத்தி வேறு என்னவோ ஆக்கிவிடும். அவள் திரையைப் பார்த்து வாயசைத்துத் திட்டுவாள். திட்டு மட்டும் எனக்குச் சத்தமில்லாமலே புரிந்தது.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்சி, எது வந்தாலும் கழற்றிப் புதுக் கம்பிச் சுருள் கட்டித் தருவேன். கழற்றினால் மாட்ட வேண்டும், திறந்தால் மூட வேண்டும், அது என் பிடிவாதம். மதியம் சாப்பிட வரும்போது கணினி முன்னால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பாள். உட்கார்ந்து படிப்பேன். 'கேஸ் புக் பண்ணியா.' பண்ணிட்டேன். 'வயித்து வலி மாத்திர தீந்துபோச்சு.' வாங்கியாறேன். இப்படிப்பட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன்.

வேறு மாதிரியும் கேட்பாள். 'என் கழுத்துல கீற ஓட்டைய பாத்தா உனக்கு அருவருப்பா கீதா.' 'ஏன் இப்போல்லாம் பக்கத்துல படுக்கறதில்ல.' 'உன் தங்கச்சி ஏன் என்ன பாக்க வரல.' அதற்கெல்லாம், "அத்த அப்புறம் பேசிக்கலாம், சோத்த போடு" என்பேன். அவள் எழுந்து சோறு போடுவாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தெலுங்கில் பேசினார். நோய் திரும்பி வந்து நுரையீரலுக்கும் போய்விட்டது, இனி வைத்தியம் இல்லை என்றார். கடைசியாக, "இன்ட்டி தக்கர பாக சூஸ்கோண்டி" என்றார். வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட சரியாக விடாமல், எப்போதும் அணைக்காமலே வைத்திருந்த கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

'என்ன வெளிய அனுப்பிட்டு டாக்டர் இன்னா சொன்னாரு.'

"மாத்திரய மாத்தி குடுத்துகிறாரு. வேறொண்ணும் இல்ல."

அவள் மறுபடி அடித்தாள். 'நெஜத்த சொல்லு.'

"அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அன்று கடையில் எந்த வேலையும் இல்லை.

அதற்குப் பின் ஒரு வாரத்தில் கணினி மக்கர் செய்யத் தொடங்கியது. அவள் ஒரு வரி அடித்து முடித்து வெகுநேரம் கழித்துத்தான் எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வரும். மெமரி குறைந்துவிட்டது, சிலவற்றை மூடுங்கள் என்று அடிக்கடி ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அவள் மேஜையைக் கையால் தட்டுவாள். பேசுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தத் திரைதான், அதுவும் அடைத்துக்கொண்டது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதோடு, என்னால் சரிசெய்ய முடிகிற ஒன்று கடைசியில் கிடைத்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்தேன். மகளின் பழைய படங்கள், பிராஜக்ட் எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றும் மாறவில்லை. திருப்பதியில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"அண்ணா, நீங்க பீரோவ காலி பண்ணிக்கினு கீறீங்க. நெறஞ்சி கீறது வேல செய்யற மேஜ. ரேம் கம்மி. பிரௌசர்ல எத்தன பக்கம் தொறந்து கீது, பாருங்க."

பார்த்தேன். மேலே வரிசையாக, பெயர் படிக்க முடியாத அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு முப்பத்தேழு பக்கங்கள். எல்லாம் அந்தத் தெலுங்கு டைப்பிங் பக்கம்தான். பேசி முடித்ததை மூடவே மாட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொல்லித்தந்தபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரியை அதிகம் தின்றுகொண்டிருந்த பிரௌசரைத் தேர்ந்து, ஒரே அடியாக முடித்துவிட்டேன். கணினி தொடங்கும்போது தானாக ஓடுகிற நாலைந்து புரோகிராம்களையும் நிறுத்தினேன். அணைத்துப் போட்டபோது சொன்னதைக் கேட்டது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "சுத்தமா கிளீன் பண்ணிட்டேன். அடிச்சி பாரு, பறக்கும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் பிரௌசரைத் திறந்தாள். ஒரே ஒரு வெள்ளைப் பக்கம். மூடியவற்றைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினாள். முப்பத்தேழும் வந்தன, எழுத்து ஒன்றுகூட இல்லாமல். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் வந்து நின்று நிதானமாக அடித்தாள். அவள் அடிக்க அடிக்க எழுத்து உடனுக்குடன் வந்தது.

'நீ பதில் சொன்னத நான் அப்பவே மூடிடுவேன். இதெல்லாம் நீ சொல்லாதது.'

அப்போதாவது அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒன்றொன்றாகச் சொல்லியிருக்கலாம். அதில் எது என்னென்ன என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் நான் சொன்னது இவ்வளவுதான். "வேணும்னா இன்னொரு தபா அடி."

அவள் அடித்தாள். 'அரிசி ஊற வெக்கணும்.'

அடுத்த முறை திருப்பதிக்குப் போனபோது அந்தக் கடையில் ரேம் வாங்கி வந்து நானே போட்டேன். அதன்பின் எத்தனை பக்கம் திறந்தாலும் தாங்கும். அவள் ஒரே ஒரு பக்கத்தைத்தான் வைத்துக்கொண்டாள். அதில் எழுதுவாள், நான் பதில் சொன்னதும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததை எழுதுவாள். அரிசி, வெந்நீர், மாத்திரை, கரண்ட் பில். மறுபடி கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஒவ்வொரு மதியமும் அந்த வாக்கியத்தோடுதான் திரை முன்னால் உட்காருவேன். அரிசி என்றோ வெந்நீர் என்றோ இருக்கும். அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவுக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டரை மாதம் இருந்தாள்.

காரியம் முடிந்து ஊர் போகும்முன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் மட்டும் அன்றே போனில் சொல்லியிருந்தேன்.

"நைனா, அம்மாவுக்கு தெரியுமா? உன்ன ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல" என்றேன்.

"தெரியாமலே போயிட்டா. அந்தமட்டுக்கும் நல்லது" என்று அழுதாள். "நீதான் பாவம், எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்த" என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.