பட்டு நூலில் வெளுத்த திட்டுகள்

அந்த வருஷம் என் மனைவி சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டாள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றில் அவளுக்கு வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். அதற்காகப் பெண்கள் காலையில் கை நிறைய விளக்கெண்ணெய் தடவி, அதன்மேல் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனிகள் உரிந்து கிடக்கும். குழம்பு பட்டால் எரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், போர்வெல் வண்டி, பம்பாயில் ஓட்டல் என்று சுற்றிவிட்டு அரியலூரில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்றில் ஒதுங்கியிருந்தேன். தினமும் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கடைக்கு வந்துபோகிறவர்களில் சுண்ணாம்புக்கல் குவாரி அதிகாரி ஒருவர் இருந்தார். லீவு கிடைத்தால் அணைக்கரைக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர். ஒருநாள் ஜீப்பிலிருந்து இரண்டு துண்டாக ஒரு பைபர் கம்பையும் ஒரு பொட்டலத்தில் சின்னச் சின்னக் கம்பி வளையங்களையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“கம்பி சுத்துறது, நூல் கட்டுறதெல்லாம் உங்க தொழிலாச்சே. இந்த வளையத்தை எல்லாம் கம்புல வச்சுப் பட்டு நூலால கட்டணும். மேல வார்னிஷ். இந்தாங்க, மாதிரிக்கு என் பழைய கம்பு.”

பழைய கம்பில் ஒவ்வொரு வளையத்தின் அடியிலுள்ள தட்டைக் காலையும் மூடிக் கருஞ்சிவப்பாகக் கட்டு. தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. தூண்டில் நரம்பு அந்த வளையங்களுக்குள்தான் ஓடும். கட்டு விட்டால் மீனோடு வளையமும் போய்விடும்.

“இது சரியா வந்தா எங்க ஆளுங்க கம்பெல்லாம் உங்ககிட்டதான் வரும். இன்னும் மூணு வாரத்துல, ஞாயித்துக்கிழம, எனக்கு வேணும்” என்றார்.

நான் கம்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவி சின்ன வயதில் நெசவு வீடுகளில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தவள். நூல் அவள் பேச்சைக் கேட்கும். பழைய கம்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள்.

“இந்த வேல தொடர்ந்து வந்தா கொட்டகைக்குத் தலமுழுகிடலாம்ங்க” என்றாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

நெசவுக்காரர் ஒருவரிடம் சிவப்புப் பட்டு நூல் வாங்கினோம். கொட்டகை விட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஒரு வளையம், இரண்டு வளையம் என்று கட்டினாள். நூலோடு நூல் ஒட்டிப் படுத்திருந்தது. நகம் நுழைய இடமில்லை. நான் கடைக்கு எடுத்துப் போய் வார்னிஷ் தடவினேன்.

வார்னிஷ் இறங்கினால் பட்டு கறுத்துக் கருஞ்சிவப்பாக வேண்டும். கறுத்தது. ஆனால் நடுநடுவே இறங்காத இடங்கள் வெளுத்து நின்றன. தேமல் விழுந்த கன்னம் மாதிரி ஒவ்வொரு கட்டிலும் திட்டுத் திட்டாக இருந்தது.

கடை முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னய்யா இது, கம்புக்கு அம்மை போட்டுருக்கு?”

“வார்னிஷ் பழசுங்க” என்றேன்.

அதை நானே நம்பினேன். டப்பா திறந்து பல மாதம் ஆகியிருந்தது. கட்டுகளை அறுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போனேன். அங்கே பெயிண்டுக் கடையில் புது டப்பா உடைத்துக் கொடுத்தார்கள். அவள் மறுபடி கட்டினாள். நான் மறுபடி தடவினேன். அதே திட்டுகள்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். காயில் உலர்த்துவதற்குக் கடையில் பல்பு எரியும் தகரப் பெட்டி உண்டு. நூல் கண்டை அதில் வைத்துச் சூடேற்றி எடுத்துப் போய்க் கொடுத்தேன். மிச்சமிருந்த நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. கம்பைத் தொடாமல், ஒரு துவரஞ்செடி மிளாறுக் குச்சியில் கட்டிப் பார்க்கச் சொன்னேன். திட்டு.

நூலில் கஞ்சிப் பசை இருக்கலாம் என்பதுதான் மிச்சமிருந்த சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் கடையிலேயே உட்கார்ந்து, அதே கண்டிலிருந்து இழுத்து, இன்னொரு மிளாறில் நானே சுற்றினேன். கோணலும் இடைவெளியுமாக வந்தது. வார்னிஷ் தடவிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டு முழுக்க ஒரே கருஞ்சிவப்பு. ஒரு புள்ளி வெளுப்பு இல்லை.

நூல் அதே நூல். வார்னிஷ் அதே வார்னிஷ். சுற்றிய கை மட்டும் வேறு.

பஸ்ஸில் வரும்போது அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எந்தக் கொட்டகையை விட்டு வரத்தான் இந்த வேலை என்று அவள் நினைத்தாளோ, அந்தக் கொட்டகைக்காகத் தடவிய எண்ணெயே அவள் விரலில் ஊறி நூலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் வார்னிஷ் இறங்காது. வீட்டுக்கு வந்து இரண்டு மிளாறையும் பாயில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலை ஒரு திட்டின் மேல் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி அடுத்த திட்டின் மேல் வைத்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

“என் கைதானா?” என்றாள்.

“விளக்கெண்ணெ. தோலுக்குள்ள ஊறிப் போயிருக்கு.”

சீயக்காய் போட்டுக் கழுவினாள். கடலை மாவு தேய்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு மிளாறு கட்டினாள், நான் கடைக்கு எடுத்துப் போய் வார்னிஷ் தடவினேன். திட்டு குறைந்ததே தவிரப் போகவில்லை. காலையில் எண்ணெய் தடவாமல் கொட்டகையில் உட்கார முடியாது. தடவினால் சாயங்காலம் நூலைத் தொட முடியாது.

“நான் கட்டிடறேன் விடு” என்றேன்.

“நீங்க கட்டுனது எலி முழுங்குன சாரப்பாம்பு மாதிரி இருக்கு. அதக் கொண்டுபோயி நீட்டுனா அந்த சார் அடுத்த கம்பக் குடுப்பாரா?”

மறுநாள் காலையில் அவள் கையில் எண்ணெய் தடவவில்லை. கொட்டகை மேஸ்திரியம்மா வாசலில் வந்து நின்றாள்.

“ஏண்டி, கெளம்பலியா?”

“கை சரியில்லக்கா. ஞாயித்துக்கிழம வரைக்கும் வரல.”

“யாருக்குத்தான்டி கை சரியா இருக்கு? நீ வரலன்னா உன் எடத்துல உட்கார ஆளு நிக்குது. பின்னாடி வந்து அழுவக் கூடாது.”

“உட்கார வைங்கக்கா.”

மேஸ்திரியம்மா என்னைப் பார்த்தாள். “நீதான் ஊர் ஊரா ஓடுற. இவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிகாரி கம்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், அந்த வேலையும் இல்லை, இந்த வேலையும் இல்லை. நான் எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன். அவளாக ஒன்றையும் விட்டதில்லை.

சனிக்கிழமை வரை கையை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைப்பதும் துடைப்பதுமாக இருந்தாள். சனிக்கிழமை காலையில் என்னோடு பஸ் ஏறி அரியலூர் கடைக்கு வந்தாள். முதலாளி ஒரு பழைய மோட்டாரை நகர்த்தி அவள் உட்கார இடம் விட்டார். பழைய கட்டுகளை அறுத்துத் துடைத்திருந்த கம்பை இரண்டு முக்காலியில் படுக்கவைத்துக் கட்ட ஆரம்பித்தாள். மதியத்துக்குள் எல்லா வளையமும் முடிந்தது. நான் பிரஷ்ஷை எடுத்தேன். அவள் எழுந்து தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முதல் கட்டு கறுத்தது. இரண்டாவது கறுத்தது. ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்துக் கட்டில் மிளகு அளவுக்கு ஒரு வெளுப்பு நின்றது. காத்துப் பார்த்தேன். போகவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள் திரும்பாமலே.

“முடிஞ்சுது. ஒரு புள்ளி. வளையத்துக் காலுக்கு அடியில. யாருக்கும் தெரியாது.”

வந்து பார்த்தாள். “எனக்குத் தெரியுதே. அறுங்க.”

“இன்னொரு வாட்டி கட்டினாலும் வந்தா?”

அவள் தன் நெற்றியைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கட்டும்போது வியர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கியிருக்கிறாள். தேங்காய் எண்ணெய். என்னிடமிருந்து துண்டை வாங்கி முடி வெளியே தெரியாமல் இறுக்கிக் கட்டினாள். முதலாளி சிரித்தார். “கல்லு ஒடைக்கக் கெளம்பிருச்சுடா புள்ள” என்றார். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து பிளேடால் கட்டை அறுத்து, துடைத்து, மறுபடி சுற்றினாள். இந்த முறை வார்னிஷ் போடும்போது என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. கட்டு முழுக்க ஒரே நிறமாக இருட்டியது. அதன் பிறகும் வெகுநேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கடையில் இருந்தபோது அதிகாரி வந்தார். கம்பை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். ஒவ்வொரு கட்டையும் நகத்தால் தடவினார். “நல்லா இருக்கு” என்றார். கூலியைக் கொடுத்தார், கம்பை ஜீப்பில் வைத்தார், ஏறி உட்கார்ந்தார். மற்றக் கம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டி உறுமியது. அவள் என் முழங்கையைத் தட்டி, “கேளுங்க” என்றாள். நான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளே கடைப் படியிறங்கி ஜீப்பருகே போனாள்.

“சார், மத்தவங்க கம்பெல்லாம் எப்ப வரும்?”

“அதெல்லாம் அவங்கவங்க இஷ்டம்மா. இதப் பாத்துட்டுச் சொல்லுவாங்க.”

“நான் முந்திரிக் கொட்டகைய விட்டுட்டேன் சார். நாளைலேர்ந்து இங்கதான் இருப்பேன். அவங்ககிட்ட அதையும் சொல்லிருங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அவள் பஸ்ஸில் வருவாள், உட்காருவாள், முதலாளிக்குக் காயில் நூல் கட்டிக் கொடுப்பாள், போவாள். வீட்டில் அரிசிப் பானையை நான் எட்டிப் பார்க்கவில்லை. வாரக் கடைசியில் குவாரி லாரி டிரைவர் ஒருவர் சாக்கில் சுற்றிய மூட்டை ஒன்றைக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனார். உள்ளே நூல் அவிழ்ந்து தொங்கிய தூண்டில் கம்புகள் இருந்தன. அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஒன்றை மடியில் போட்டுப் பழைய நூலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

தை மாதம் எனக்கு வழக்கம்போல் கால் அரித்தது. ஓசூர் பக்கம் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்கள், போய்விடலாம் என்றேன். இதற்கு முன் நான் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அவள் பாத்திரத்தை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவாள். அன்றைக்கு நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இங்க வேல இருக்கு” என்றாள்.