ஜோடி கேட்டு வந்த ரோசி

அடுப்பில் பால் பொங்கும். ரோசி பக்கத்தில்தான் நிற்பாள். கையை நீட்டினால் சட்டியை இறக்கிவிடலாம். இறக்க மாட்டாள். "உங்களுக்குங்க ஆத்தா!" என்று கூவுவாள். அடுப்பு என் பக்கம் இருப்பதால் பால் என்னுடையதாம். அவள் பக்கத்தில் கரண்டி விழுந்தால் "எனக்கு!" என்று கூவி, அது தரையைத் தொடுமுன் பிடித்துவிடுவாள். நான் அம்மிக்குப் போனால் அவள் அடுப்புக்கு வருவாள். நான் பின்னால் வந்தால் அவள் முன்னால் போவாள். ஒரு நாளும் என்மேல் இடித்ததில்லை. பால் மட்டும் பலமுறை போயிருக்கிறது.

ரோசிக்குத் தொழில் இறகுப்பந்து. அதிலும் இருவர் ஆட்டம். சேலத்தில் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை என்று பெயர். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மில்லின் பெயர் போட்ட பனியனோடு ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வருவாள். அப்பா சவரியார் தையல்காரர்; கண் மங்கியதும் மிஷினை மூடிவிட்டார். வீடு இவள் சம்பளத்தில்தான் நடக்கிறது.

மட்டை கோணிப் போகாமலிருக்க, மரச்சட்டத்தில் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருப்பாள். பந்தை ஆவியில் காட்டினால் இறகு சீக்கிரம் ஒடியாதாம். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் என் இட்லிப் பானைக்கு மேலேதான் காட்டுவாள். புரட்டாசிச் சனிக்கிழமை கோழி இறகை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தடுத்தேன். "கோழி இல்லீங்க, வாத்து" என்றாள். வாத்தென்றால் பரவாயில்லை என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் சொல்லவில்லை.

"ஒத்தையா ஆடற ஆட்டமும் இருக்குதாமே, அத ஆடுனா என்ன சாமி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்துல ஆளு இல்லீனா எனக்குக் கையே வராதுங்க."

ஆனால் ஆள் நிற்பதில்லை. பழகிக் கை கூடி வரும்போது கல்யாணமாகிப் போய்விடுவார்கள். ஒருத்தி ராசிபுரத்து நெய்க்கடைக்குப் போனாள். இன்னொருத்தி குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டுக்குப் போனாள். அவள் மட்டையால் மாமியார் இப்போது தறி ஷெட்டின் கூரையில் படிந்த பஞ்சைத் தட்டுகிறாள். இரண்டு கல்யாணத்திலும் ரோசி பந்தி பரிமாறியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததும் ஜோடி கேட்டுத்தான். எண்பத்தோராம் வருஷம், ஆவணி மாதம். என் பேத்தி பாவாயி, என் பெயரைத்தான் அவளுக்கும் வைத்திருக்கிறோம், சேலத்துக் கல்லூரியில் படிப்போடு பந்தும் ஆடிக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தெரியாது. ரோசிக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்து வீடுகளுக்கு வெறுங்கையோடு போனால் கேட்டது கிடைக்காது என்று அந்த நெய்க்கடைக்காரி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால் தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து, மல்லசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாவாயியக் கேட்டு வந்திருக்கோமுங்க."

தட்டைப் பார்த்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? மருமகள் ராமாயி கேசரி கிண்டப் போனாள். பேத்தியைப் பட்டுச் சேலை கட்டச் சொன்னோம். என் மகன் சென்னிமலை சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்துத் தோட்டத்து அம்மாசியும் வந்துவிட்டான்.

"மாப்பிள்ளைக்கு என்ன தொழிலுங்க?" என்றான் சென்னிமலை.

"மாப்பிள்ளை ஆரும் இல்லீங்க. எனக்குத்தானுங்க கேக்கறேன்."

சவரியார் கேசரியைத் தின்றுகொண்டிருந்தார். அம்மாசி, "சேலத்துல இப்படியும் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றான். காபி கொண்டுவந்த பாவாயி தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்று நினைத்தோம். சிரிப்பு.

ரோசி பையிலிருந்து மட்டையை எடுத்து வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். சென்னிமலை எழுந்துவிட்டான். "பொட்டப் புள்ளய ஊர் ஊரா ஆட அனுப்பறதா? தட்ட எடுங்க மொதல்ல."

நான் எடுக்க விடவில்லை. வாங்கி வைத்த தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "நீயே வந்து கூட்டீட்டுப் போகோணும், நீயே கொண்டாந்து உடோணும். அதுவும் கல்யாணம் வரைக்குந்தான்" என்றேன். ரோசி ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து பிடித்த சனிக்கிழமையை இன்னும் விடவில்லை.

கார்த்திகையில் மில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தையில் கோயமுத்தூரில் மாநிலப் போட்டி. இருவர் ஆட்டத்தில் இறுதிவரை போனால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் வேலை அதோடு சரி. அதே வாரம் திருச்செங்கோட்டு அர்த்தநாரிக்கும் பாவாயிக்கும் தையிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். ரோசி கேட்டுக்கொண்டாள். மறுநாள் மறுபடியும் தட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"எங்க சாமி?"

"மாப்பிள்ளை ஊட்டுக்குங்க."

தனியே விட்டால் காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்று நானும் போனேன். அர்த்தநாரியின் அம்மா முத்தாயம்மாள் தட்டை வாங்கவே இல்லை.

"தேதியத் தள்ளி வெக்கச் சொல்ற நீ பொண்ணுக்கு என்ன ஒறவு?"

"ஜோடிங்க."

"அப்ப எம் மவன் ஆரு?"

ரோசி யோசித்தாள். "அவரு வைகாசியிலிருந்துங்க" என்றாள்.

முத்தாயம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "வைகாசியே இருக்கட்டும்மா" என்று சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டான்.

கோயமுத்தூருக்கு நானும் போயிருந்தேன். ரோசி இடது பக்கம் பின்னால், பாவாயி வலது பக்கம் முன்னால். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. "எனக்கு", "உனக்கு", இவ்வளவுதான் பேச்சு. இறுதிவரை போய், அதில் தோற்றுவிட்டார்கள் என்று சொல்லுகிறார்கள். வெளியே விழுந்ததாகச் சொல்லிவிட்ட எங்கள் பிள்ளைகளின் அந்தக் கடைசிப் பந்து கோட்டில்தான் விழுந்தது. அந்த மூலையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். யார் வந்து கேட்டாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. ஜோடிதான் போனது.

வைகாசியில் கல்யாணம். ரோசி வழக்கம்போல் பந்திப் பக்கம் போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து மணவறையில் நிற்க வைத்தேன். எங்கே நிற்பது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவாயிக்கு இடது பக்கம், அரையடி பின்னால் போய் நின்றுகொண்டாள். மாலை மாற்றும்போது அர்த்தநாரி அவசரத்தில் வீசினாற்போல் போட்டான். மாலை பேத்தியின் கழுத்துக்கு எட்டாமல் நழுவி, இரண்டு பெண்களுக்கும் நடுவில் வந்தது. ரோசியின் கை மேலே எழுந்துவிட்டது. கரண்டிக்கு எழுமே, அதே கைதான். பாதியிலேயே நிறுத்தினாள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஓரடி விலகி, மேளச் சத்தத்துக்கும் மேலாக, "உனக்கு!" என்று கூவினாள்.