மூன்று மணிக்குள் கசார்வாடி பஸ்

புனேயின் வாகட் பகுதியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பழைய இணையப் பக்கங்களைப் பழுதுபார்ப்பதுதான் அகல்யாவின் வேலை. யாரோ பதினைந்து வருடம் முன்பு எழுதிவிட்டுப் போன பக்கம் மக்கர் பண்ணுகிறது என்றால் போதும், கோயம்புத்தூர்க்காரரான அகல்யாவின் கண் மின்னும். மேஜையில் ஒரு பழைய கணினி, ஒரு லேப்டாப், இரண்டு போன். எந்தத் திருத்தமும் நான்கிலும் ஓடாத வரை ‘முடிந்தது’ என்ற சொல் அவர் வாயில் வராது.

அன்று மதியம் இரண்டு மணிக்குச் சாகணிலிருந்து மல்லிகா கூப்பிட்டார். அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பஸ் ஏற்பாடு அவர் பொறுப்பு.

“அகல்யா, இன்னைக்குத்தான் லேடீஸுக்கு முதல் ஈவினிங் ஷிஃப்ட். பஸ்ஸுக்குப் பேர் பதியற நம்ம பழைய பக்கத்துல, போன்ல பட்டனை அமுக்கினா அசையவே மாட்டேங்குது. மூணு மணிக்குள்ள லிஸ்ட் போகலேன்னா கசார்வாடிக்கு பஸ் கிடையாது. ராத்திரி நாற்பது பேர் எப்படி வீடு போய்ச் சேருவாங்க?”

“ஃபேக்டரி கேட்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர்லீங்க?”

“அதுல ஜம்முனு ஓடுது!”

“அப்படியா? அப்ப புடிச்சிரலாமுங்க!”

பத்தே நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிட்டார். படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் மட்டும்தான் வைத்திருந்தார்கள். நிரலோ ஐடி என்ற தனி அடையாளத்தைச் சொல்லித் தேடியது. பழைய பிரவுசர் தாராள மனசு. அந்த ஐடி இல்லாவிட்டால் அதே பெயருள்ள கட்டத்தை எடுத்து நீட்டிவிடும். போனில் இருக்கும் புதியவை கறார். ஐடி இல்லையென்றால் கை விரித்துவிடும்.

முதலில் படிவத்தைப் பிடித்து, பிறகு அதனிடமே பெயர் சொல்லிக் கட்டத்தைக் கேட்கும்படி அகல்யா வரிகளை மாற்றினார். போனில் பட்டன் சட்டென்று வேலை செய்தது. லேப்டாப்பிலும்தான். மேஜையிலிருந்த பழைய கணினியில் பெயர் வந்தது, நிறுத்தம் வந்தது, ஷிஃப்ட் மட்டும் காலி.

“அரே, அதை விடுங்க அக்கா,” என்றான் பக்கத்து நாற்காலி தேஜஸ். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். “அந்த டப்பாவை யாரு யூஸ் பண்றா?”

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. “கிரிஜா யூஸ் பண்றா!” என்று மல்லிகா கத்தினார். “இன்னும் ஆறு பேர் இருக்காங்க. எல்லாம் பட்டன் போன். கேட்ல நின்னுதான் பதியணும்.”

“கேட்டுச்சா, டப்பாவை யாரு யூஸ் பண்றாங்கன்னு?” என்றார் அகல்யா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். தேஜஸ் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஷிஃப்ட்டுக்கு மூன்று வட்டப் பொத்தான்கள், மூன்றுக்கும் ஒரே பெயர். எது தேர்வானது என்று கேட்டால் புதிய பிரவுசர்கள் நேரே சொல்லிவிடும். பழையது மூன்றையும் மொத்தமாக நீட்டிவிட்டு நிற்கும். மணி 2:41. ஒவ்வொரு பொத்தானாகப் போய், ‘நீ தேர்வானவனா?’ என்று விசாரிக்கும் நான்கு வரிகளை அகல்யா தட்டினார்.

“இப்ப பதியச் சொல்லுங்க!”

திரையில் பதிவான பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தொன்பதில் நின்றது. 2:55.

“கேட்ல கிரிஜா டைப் பண்ணிட்டிருக்கா,” என்றது போன். “ஒவ்வொரு எழுத்தா தேடறா!”

“கம் ஆன், கிரிஜா!” தேஜஸ் எழுந்தே விட்டான்.

கிரிஜா, கசார்வாடி, ஈவினிங்.

2:58க்குப் பட்டியல் போனது. மூன்று மணிக்கு மல்லிகாவின் குரல் தெறித்தது: “பஸ் உறுதி! அப்ப வேலை முடிஞ்சுதா?”

“இருங்க,” என்றார் அகல்யா, மேஜையைத் துழாவியபடி. “ரெண்டாவது போன்ல இன்னும் பாக்கலீங்க.”